மந்திரக்கோலுக்கு உங்கள் கை எங்கே என்று எப்படித் தெரிகிறது?

தலையில் பிங்பாங் பந்தைச் செருகியதுபோல் ஒரு கறுப்புக் குச்சி. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற டவுன்களில், பழைய விளையாட்டுச் சாமான்கள் குவிந்து கிடக்கும் கடையில் தேடினால் கையில் சிக்கும். பெயர் பிளேஸ்டேஷன் மூவ். சோனியின் பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) விளையாட்டுப் பெட்டிக்காக 2010 செப்டம்பரில் வந்தது. பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மந்திர விளையாட்டு ஒன்றைப் போட்டு, கோலை ஓங்குவார்கள். மந்திரம் எதிரி மேல் பாயாமல் கூரையைப் பார்த்துப் போகும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கோல் பழுதாயிருச்சு" என்று மூலையில் போட்டுவிடுவார்கள். பல நேரம் கோலில் ஒரு குற்றமும் இருக்காது. குற்றம் ஹாலில் இருக்கும்.

இந்த வகை விளையாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு, 2012இல் பிஎஸ்3க்கு வந்த 'சோர்சரி'. ஃபின் என்ற பையன் ஒரு மந்திரவாதியிடம் சீடன். ஃபின்னின் வலது கைக் கோல்தான் உங்கள் கையில் இருக்கும் குச்சி. இடது கையில் இன்னொரு சின்னக் கருவியைப் பிடித்து அவனை நடக்க வைக்கிறீர்கள். வலது கையைச் சொடுக்கினால் மந்திர உருண்டை பறக்கும். சொடுக்கும்போதே கையை வளைத்தால் உருண்டையும் வளைந்து, தூணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவன் மேல் விழும். நெருப்புச் சுவர் ஒன்றை எழுப்பி, அதன் வழியாக உருண்டைகளை எறிந்தால் அவையும் தீப்பற்றிக்கொண்டு போகும். மருந்து குடிக்கவேண்டுமா? குச்சியைக் குலுக்கி, பாட்டிலைப்போல் வாய்ப்பக்கம் கவிழ்க்கவேண்டும். பொத்தானை அழுத்தி விளையாடிப் பழகியவர்களுக்கு இது முதலில் கூத்துபோல் தெரியும். பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

இப்போது கேள்விக்கு வருவோம். குச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, ஹாலில் எந்த இடத்தில் இருக்கிறது: இவை மூன்றும் தெரிந்தால்தான் திரையில் மந்திரம் சரியான திசையில் போகும். மூன்றையும் ஒரே உணரி (சென்சர்) சொல்லிவிடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டுவதுதான் இதன் சூட்சுமம்.

முதலாவது முடுக்கமானி. இதைப் புரிந்துகொள்ள ரப்பர்ப்பால் வாளி போதும். பால்மரம் சீவியவர் வாளியைத் தரையில் வைத்தால், உள்ளே பாலின் மட்டம் கீழ்த்திசை எது என்று பிசகாமல் காட்டும். வாளியைச் சாய்த்தாலும் பால் தன் மட்டத்தை விடாது. முடுக்கமானியும் அப்படித்தான். சும்மா இருக்கும்போது புவியீர்ப்பை, அதாவது நொடிக்கு நொடி 9.8 மீட்டர் என்ற அளவை, உணர்ந்து குச்சியின் சாய்வைச் சொல்லிவிடும். ஆனால் அதே வாளியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு விருட்டென்று கிளம்புங்கள். பால் பின்பக்கம் ஏறும். வாளிக்குள் மட்டும் எட்டிப்பார்ப்பவருக்கு, வாளி சாய்ந்ததா அல்லது வண்டி கிளம்பியதா என்று சொல்லத் தெரியாது. கோலை வீசும்போது முடுக்கமானிக்கு வருவதும் இதே குழப்பம். அமைதியாக இருக்கும்போது உண்மை பேசும், ஆட்டம் சூடு பிடித்ததும் உளறும்.

இரண்டாவது ஜைரோ. குச்சி எந்த அச்சில் நொடிக்கு எத்தனை டிகிரி திரும்புகிறது என்று சொல்லும். வேகமானது, வீச்சுக்குக் கலங்காது. ஆனால் அது திரும்பும் வேகத்தைத்தான் சொல்கிறது, திசையைச் சொல்வதில்லை. திசை வேண்டுமானால் கணினிதான் கூட்டிக்கொண்டே போகவேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு லோரியில் உட்கார்ந்து, வளைவுகளை மட்டும் எண்ணி, தோட்டத்தின் எந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டோம் என்று கணக்குப் போடுவதற்கு ஒப்பு இது. ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சம் பிழை சேரும். அரைமணி நேரம் கழித்துக் கட்டை அவிழ்த்தால் வேறெங்கோ இருப்பீர்கள்.

மூன்றாவது ஒரு காந்தமானி, அதாவது சின்னத் திசைகாட்டி. கிடைமட்டத்தில் குச்சி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் ஜைரோவின் பிழையை இது திருத்தும். இரும்பைக் கண்டால் மட்டும் இதற்குப் பித்துப் பிடிக்கும்.

சரி, முடுக்கமானியை வைத்தே இடத்தையும் கண்டுபிடிக்கக்கூடாதா? முடுக்கத்தைக் கூட்டினால் வேகம், வேகத்தைக் கூட்டினால் தூரம், பள்ளியில் படித்ததுதானே. கணக்கு சரிதான், பிழை விடாது. குச்சியின் சாய்வை வெறும் 0.3 டிகிரி தவறாகக் கணித்தாலே, புவியீர்ப்பில் ஒரு துளி கிடைமட்ட முடுக்கமாக வேடம் போடும். அளவு ஏறத்தாழ நொடிக்கு நொடி 0.05 மீட்டர். ஒரு நொடியில் அது 2.5 சென்டிமீட்டர் தவறு. பரவாயில்லை என்று தோன்றும். 4 நொடியில் 40 சென்டிமீட்டர். 10 நொடியில் 2.5 மீட்டர்! கையை அசைக்காமல் நின்றாலும் உங்கள் மந்திரக்கோல் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும். அதனால்தான் உள்ளே இருக்கும் உணரிகளை மட்டும் நம்பி இடத்தைச் சொல்ல முடியாது. வெளியிலிருந்து பார்க்க ஒரு கண் வேண்டும்.

அந்தக் கண், டிவிக்கு அருகில் வைக்கும் பிளேஸ்டேஷன் ஐ (Eye) கேமரா. அது தேடுவது குச்சியின் தலையில் ஒளிரும் பந்தை. பந்து ஏன்? கட்டமாகவோ நட்சத்திரமாகவோ இருந்தால் திரும்பும்போது உருவம் மாறும். உருண்டை எந்தப் பக்கம் திரும்பினாலும் வட்டம்தான். வட்டத்தின் நடுப்புள்ளி, கை எந்தத் திசையில் என்பதைச் சொல்லும். வட்டத்தின் அகலம், கை எவ்வளவு தூரத்தில் என்பதைச் சொல்லும்.

இந்த இரண்டாவது விஷயம் எவ்வளவு நுணுக்கமானது என்று பாருங்கள். பந்தின் விட்டம் 46 மில்லிமீட்டர். கேமராவின் படம் 640 புள்ளி அகலம், 480 புள்ளி உயரம், நொடிக்கு 60 படங்கள். அகலப் பார்வையில், அதாவது 75 டிகிரியில், 2 மீட்டர் தள்ளி நிற்பவரின் பந்து படத்தில் சுமார் 10 புள்ளி அகலமே இருக்கும். நீங்கள் 10 சென்டிமீட்டர் பின்னால் நகர்ந்தால் அந்த 10 புள்ளியில் அரைப் புள்ளிதான் குறையும். அந்த அரைப் புள்ளியைக் கண்டுபிடிக்கவேண்டும். வட்டத்தின் விளிம்பு முழுவதையும் பார்த்து, அதற்குப் பொருந்தும் வட்டத்தைக் கணக்கிட்டால் அது முடியும். விளிம்பில் ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம் கலந்தாலோ, உங்கள் விரல் மறைத்தாலோ கணக்கு கலைந்துவிடும். பக்கவாட்டில் கோல் துல்லியமாக இருந்து, முன்னும் பின்னும் மட்டும் நடுங்குவதற்குக் காரணம் இதுதான்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கோல் திரையில் தெரியும் விளையாட்டு எதையாவது ஓடவிட்டு, பந்தை இன்னொரு கையால் முழுக்கப் பொத்துங்கள். மென்மையான பந்து, சுடாது. இப்போது மணிக்கட்டைத் திருப்பினால் திரையிலும் கோல் திரும்பும், ஏனென்றால் ஜைரோ வேலை செய்கிறது. ஆனால் கையைப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். கோல் சரியாகத் தொடர்ந்து வராது. பொத்திய கையை எடுத்த கணத்தில் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். மேலே சொன்ன எல்லாமே அந்த ஐந்து நொடியில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மற்ற நிறுவனங்கள் இதே பிரச்சினையை வேறுவிதமாகக் கையாண்டன. 2006இல் வந்த நின்டெண்டோவின் 'வீ' விளையாட்டுப் பெட்டியில் கேமரா குச்சியின் மூக்கிலேயே இருக்கிறது. டிவி மேல் வைக்கும் 'சென்சர் பார்' எதையும் உணர்வதில்லை, வெறும் அகச்சிவப்பு விளக்குகள். அது உடைந்துபோனவர்கள் இரண்டு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து விளையாடியது உண்மை. வீயில் முதலில் ஜைரோ கிடையாது. 2009இல் தனி ஒட்டுப்பாகமாக வந்தது. 2010 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட் கேமராவுக்குக் குச்சியே வேண்டாம், உடம்பைப் பார்க்கும். ஆனால் மந்திரக்கோல் விளையாட்டுக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் வீசுவது சப்பென்று இருக்கும். அது இதை எழுதுபவர்களின் கட்சி.

ஹாலைத் தயார் செய்வது

நமது டவுன்களில் மலிவு விலைத் தாமான் வீட்டின் ஹால் 12 அடி ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவி மேசைக்கு ஒன்றரை அடி, சோபாவுக்கு மூன்று அடி போனால் மிஞ்சுவது ஏழரை அடி, அதாவது 2.3 மீட்டர். அது போதும். கேமராவிலிருந்து 2 மீட்டர் தள்ளி நின்றால், அகலப் பார்வையில் 3 மீட்டர் அகலமும் 2.3 மீட்டர் உயரமும் அதன் கண்ணுக்குள் இருக்கும். பிள்ளைகள் ஆர்வத்தில் முன்னால் நகர்ந்து நகர்ந்து 1 மீட்டருக்கு வந்துவிடுவார்கள். அப்போது கேமரா பார்ப்பது 1.5 மீட்டர் அகலம், 1.15 மீட்டர் உயரம் மட்டுமே. தலைக்குமேல் ஓங்கியதும் பந்து படத்தைவிட்டு வெளியே போய்விடும், மந்திரமும் கைவிட்டுப்போகும். தரையில் ஒரு டேப் ஒட்டி, அதைத் தாண்டாமல் நிற்கச் சொல்லுங்கள். வேறெந்தச் செலவும் இல்லாமல் பாதிப் பிரச்சினை தீரும்.

கேமராவின் கண்ணைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது. அதைத் திருகினால் சிவப்புப் புள்ளிக்கும் நீலப் புள்ளிக்கும் மாறும். சிவப்பு 56 டிகிரி, நீலம் 75. மூவ் விளையாட்டுக்கு நீலம். பழைய கேமரா வாங்கியவர்கள் பலர் இந்த வளையத்தைக் கவனிப்பதே இல்லை. சிவப்பில் விட்டுவிட்டு, "கை தெரியல, தெரியல" என்று சுவரோடு சுவராக நிற்பார்கள்.

அடுத்தது வெளிச்சம். பந்தைத் தேடும்போது கேமரா தன் பார்வையை மங்கலாக்கிக்கொள்ளும். ஹால் இருட்டாகி, பந்து மட்டும் மின்னவேண்டும் என்பது அதன் எண்ணம். ஆகவே அதற்குப் பகைவன் இருட்டு இல்லை, பந்தோடு போட்டிபோடும் இன்னொரு வெளிச்சம்தான். மேற்கே பார்த்த நாக்கோ ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால், மாலை 4 மணிக்கு மேல் விளையாடுவதை மறந்துவிடுங்கள், அல்லது கனமான திரைச்சீலை போடுங்கள்.

சாமி மேடையையும் கவனிக்கவேண்டும். ஹாலில் இருக்கும் சிவப்பு மின்விளக்கு நாள் முழுக்க எரியும். பந்து தன் நிறத்தை மாற்றிக்கொள்ள வல்லது. ஹாலில் குறைவாக இருக்கும் நிறமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. எனவே ஒரே நிறத்தில் எரியும் விளக்கைச் சமாளித்துவிடும். தீபாவளிக்கு மாட்டிய, நிறம் மாறிக்கொண்டே இருக்கும் சர விளக்கு வேறு கதை. கேலிபிரேஷன் (விளையாடுமுன் கோலையும் கேமராவையும் ஒத்துப்போக வைப்பது) செய்த நேரத்தில் பச்சையாக இருந்தது, ஒரு நிமிடம் கழித்துப் பந்தின் நிறத்துக்கே வந்து நிற்கும். விளையாடும் நேரத்துக்கு அந்தச் சரத்தை மட்டும் அணையுங்கள், சாமி விளக்கு எரியட்டும். கண்ணாடி போட்ட சாமி படங்களும் குடும்பப் படங்களும் பந்தைப் பிரதிபலிக்கும். கேமராவுக்கு இரண்டு பந்து தெரிந்தால் கோல் அங்கும் இங்கும் தாவும். உங்களுக்குப் பின்னால் இருக்கும் படத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள்.

கோல் வேறெதிலும் கோளாறில்லாமல், போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போகிறதா? அது ஜைரோவின் பிழை. குச்சியைச் சமதளத்தில் அசையாமல் சில நொடி வைத்துவிட்டு, பிறகு கேலிபிரேஷனை மறுபடி செய்யுங்கள். வெயிலில் நின்ற வண்டியிலிருந்து எடுத்துவந்த குச்சியை உடனே பயன்படுத்தவேண்டாம். சூடு மாறும்போது ஜைரோவின் அடிப்படை அளவும் மாறும். பத்து நிமிடம் ஹாலில் கிடக்கட்டும். கேலிபிரேஷன் செய்யும்போது இரும்புக் கிரில், பெரிய ஸ்பீக்கர், இரும்பு அலமாரி இவற்றை ஒட்டி நிற்காதீர்கள். காந்தமானிக்குப் பித்துப் பிடிக்கும் என்று சொன்னது இங்கேதான் வந்து கடிக்கும்.

கைக்கயிறு அலங்காரத்துக்கு இல்லை. குச்சியின் எடை 145 கிராம்தான், ஆனாலும் வேர்த்த கையிலிருந்து வழுக்கிப் பறந்தால் டிவிக்கு அது போதும். தாழ்ந்த கூரை உள்ள பழைய லயத்து வீடுகளில் காற்றாடிக்கு நேர்கீழே நின்று ஓங்கவேண்டாம்.

கையை எப்படிச் சொடுக்குவது

புதிதாகப் பிடிப்பவர்கள் முழுத் தோளையும் சுழற்றி, தேங்காய் உடைப்பதுபோல் வீசுவார்கள். விளையாட்டு எதிர்பார்ப்பது அதுவல்ல. எந்தக் கணத்தில் "எறிந்தான்" என்று அது முடிவெடுக்கிறது? ஒரு விளையாட்டு, நொடிக்கு 300 டிகிரி வேகத்தைத் தாண்டினால் எறிந்ததாக எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கட்டை 60 டிகிரி, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் சொடுக்கினாலே அந்த வேகம் வந்துவிடும். சுருக்கென்று தொடங்கி, சுருக்கென்று நிற்கும் அசைவு. அது எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்பதில் கணினிக்குச் சந்தேகமே வராது. தோளிலிருந்து வரும் நீண்ட வீச்சில் வேகம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். எறியும் கணம் தப்பிப்போகும், கோல் அப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் மந்திரம் கூரைக்குப் போகிறது.

இன்னொரு பொதுவான கோளாறு: ஒருமுறை எறிந்தால் இரண்டு போகிறது. எறிந்துவிட்டுக் கையை அதே வேகத்தில் இழுத்துக்கொள்வதால் வரும் வினை. திரும்பும் அசைவும் கணினிக்கு ஒரு வீச்சுதான். வேகமாகப் போங்கள், மெதுவாகத் திரும்புங்கள். வளைந்து போகும் மந்திரத்துக்கு, சொடுக்கும்போது கை பக்கவாட்டில் ஒரு சின்ன வில் போடவேண்டும். பெரிய வில் போட்டால் தாண்டிப் போய்விடும்.

எல்லாம் சரியாக இருந்தும் அடி எப்போதும் கொஞ்சம் தாமதமாக விழுகிறதென்றால் டிவியின் அமைப்பில் 'கேம் மோட்' இருக்கிறதா என்று பாருங்கள். படத்தை அழகாக்க டிவி எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அந்தத் தாமதம்.

பழையதாக வாங்கும்போது

சோர்சரிக்கு பிஎஸ்3, ஐ கேமரா, ஒரு மூவ் குச்சி, இடது கைக்கு நேவிகேஷன் கருவி வேண்டும். நேவிகேஷன் கிடைக்கவில்லை என்றால் பிஎஸ்3இன் சாதாரணக் கைக்கருவியான டுவல்ஷாக் 3இன் இடப்பக்கத்தைப் பிடித்து நடக்க வைக்கலாம். கொஞ்சம் அகலமாக இருக்கும், அவ்வளவுதான். பிஎஸ்4இன் கேமராவை பிஎஸ்3இல் செருக முடியாது, பிஎஸ்3 தட்டு பிஎஸ்4இல் ஓடாது. குச்சியின் அடியில் சார்ஜ் துளையைப் பாருங்கள்: பிஎஸ்3 காலத்துக் குச்சிக்கு மினி யுஎஸ்பி, பின்னால் வந்த பிஎஸ்4 காலத்துப் புதிய வகைக்கு மைக்ரோ யுஎஸ்பி. மினி இருப்பதையே வாங்குங்கள்.

குச்சியை யுஎஸ்பி கேபிளால் பிஎஸ்3இல் செருகி, பிஎஸ் சின்னம் உள்ள பொத்தானை அழுத்தினால் இணைந்துவிடும். இணையாமல் அடம்பிடித்தால் குச்சியின் பின்பக்கம் ஒரு ஊசித்துளை உண்டு, பேப்பர் கிளிப்பால் அழுத்தி ரீசெட் செய்து மறுபடி முயலுங்கள். ஆண்டுக்கணக்கில் சார்ஜ் ஏற்றாமல் கிடந்த லித்தியம் பேட்டரி செத்திருக்கும் வாய்ப்பு அதிகம். கடையிலேயே பதினைந்து நிமிடம் கேபிளில் போட்டு, பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு எரிகிறதா என்று பாருங்கள். குச்சியின் உடல் எங்காவது பிளந்து உப்பியிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடவேண்டாம், பேட்டரி வீங்கிவிட்டது. பந்தைப் பிடித்துப் பாருங்கள். கீறல் இருந்தால் பரவாயில்லை, கறை பட்டு ஒரு பக்கம் மங்கியிருந்தால் கேமரா அதை முழு வட்டமாகப் பார்க்காது. ஈரத்துணியால் துடைத்தும் போகவில்லை என்றால் வேறு குச்சி கேளுங்கள்.

மாலையில் இடிமழை வரும்போல் வானம் இருண்டால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இடி முழங்கத் தொடங்கும் முன்பே பிஎஸ்3, டிவி இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, டிவிக்கு வரும் ஏரியல் அல்லது ஆஸ்ட்ரோ கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னல் மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை, அந்தக் கேபிள் வழியாகவும் வரும்.